அமாவாசை உப்பு

எங்கள் வீட்டுக்கு வேன் வண்டி வந்த அன்று எல்லோரும் அதன் மேல்பக்கத்தை மட்டும்தான் பார்த்தார்கள். வெள்ளை வெளேரென்று இருந்தது. கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது. சீட்டுக்கெல்லாம் புது உறை. தெருப்பிள்ளைகள் பக்கவாட்டுக் கதவை இழுத்துத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்கள். நான் வண்டிக்காரர் மகள் என்கிற தோரணையில் ஓரமாக நின்று, "மெதுவா, மெதுவா" என்று அதட்டிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அடிப்பக்கத்தைப் பார்த்தவர் ஒருவர்தான். என் தாய்மாமன், அம்மாவின் அண்ணன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தார். சைக்கிளை நிறுத்தியவர் அம்மா நீட்டிய காபியைக்கூட வாங்கவில்லை. போட்டிருந்த நல்ல சட்டையோடு மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்து போனார். கால்கள் இரண்டு மட்டும் வெளியே தெரிந்தன. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் அவர் தட்டிக்கொண்டே போவது கேட்டது. சில இடத்தில் 'டங்' என்றது. சில இடத்தில் 'பொத்' என்றது. ஒவ்வொரு 'பொத்'துக்கும் அப்பாவின் முகம் கொஞ்சம் சுருங்கியது.

வெளியே வந்தபோது மாமாவின் தலை, புருவம், மீசை எல்லாம் செங்கல்தூள் கொட்டியது போலத் துரு.

"மாப்ள, எங்க ஓடின வண்டி இது?"

"பழவேற்காட்டுப் பக்கம். ஏன் மச்சான்?"

"மீன் ஏத்திக்கீறான். ஐஸ் தண்ணியும் உப்பும் ஊறி ஊறித் தரை பூரா அப்பளமாட்டம் ஆயிடுச்சு. சீட்டுக்கு உறை போட்டவன், தரைக்கு இன்னாத்த போடுவான்?"

பக்கத்து வீட்டில் இருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "வாங்கறதுக்கு முன்னாடி வந்து படுத்துப் பாத்திருக்கலாமே உன் மச்சான்? வாங்கினதுக்கு அப்புறம் வந்து படுத்துக்கினு கீறாரு!"

தெரு சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. அவர் அதுவரை இரும்பு உருக்கும் கம்பெனியில் உலைவாயில் வேலை பார்த்தவர். அந்தச் சூட்டிலும் புகையிலும் நெஞ்சு கெட்டு, இனிமேல் உலைப்பக்கம் போனால் உயிருக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதால் வேலையை விட்டார். கையில் வந்ததையெல்லாம் போட்டு வாங்கியது இந்த வண்டி. எங்கள் ஊரிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றுக்கு ஷிப்டு பெண்களை ஏற்றிப் போய் இறக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு. அது ஓடினால் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். ஓடாவிட்டால் அப்பா மறுபடியும் அந்த உலைக்கே போக வேண்டும்.

மாமா துருவைத் தட்டிவிட்டுக்கொண்டே அம்மாவைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "தரை என் பொறுப்பு மாப்ள. நான் போட்டுத் தரேன். பொம்பளைங்க தெகிரியமா ஏறி உக்காரட்டும்."

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் பட்டறை முதலாளியிடம் கேட்டு அடியில் நின்று வேலை பார்க்கத் தோண்டியிருந்த பள்ளத்தின் மேல் வண்டியை நிறுத்தி மாமா வேலை பார்த்தார். அம்மாவும் நானும் சோறு கொண்டு போவோம். ஒயர் பிரஷ் போட்டுத் துருவைத் தேய்த்து எடுத்தார். தேயாத இடத்தை வெட்டியே எடுத்தார். வெட்டி முடித்தபோது வண்டிக்குள் உட்கார்ந்தால் கீழே இருக்கும் அவர் முகம் தெரிந்தது. "இன்னாடி, மாடி மேல உக்காந்துகினு ராணியாட்டம் பாக்கற?" என்பார். புதுத் தகடு வைத்துப் பற்ற வைத்தார். அடிப்பக்கம் சிவப்பு பெயின்ட் இரண்டு கை, அதன் மேல் தார் போலக் கருப்பாக ஏதோ ஒன்று, அதுவும் இரண்டு கை. கடைசி நாள் அப்பாவைக் கூப்பிட்டு உள்ளே காலால் ஓங்கி மிதிக்கச் சொன்னார். எல்லா இடமும் 'டங்' என்றது.

தரையின் ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. அவற்றை மட்டும் மாமா அடைக்கவில்லை. "உள்ள வர்ற தண்ணி இதுலதான் வடியணும். இத அடைக்கக் கூடாது. வாரம் ஒரு தரம் ரப்பர் பாயத் தூக்கி வெயில்ல போடணும் மாப்ள. மேல்பக்கம் நான் பெயின்ட் ஒரு கைதான் அடிச்சிக்கீறன். தண்ணி நிக்காத பாத்துக்க, பத்து வருசம் ஓடும்."

சிறுவாபுரி முருகன் சன்னதியில் செவ்வாய்க்கிழமை பூஜை போட்டோம். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். வண்டி ஓடத் தொடங்கியது.

ஒரு வருஷத்துக்கு மேல் குறையில்லாமல்தான் ஓடியது. காலையில் வீட்டு வாசலில் ஏறும் பெண்களின் சிரிப்பே எனக்கு எழுப்புமணி. அதில் ஒரு அக்கா எப்போதும் பின்சீட்டு மூலையில்தான் உட்காருவாள். அவளுக்கு அப்பா இல்லை. அவள் சம்பளத்தில்தான் இரண்டு தம்பிகள் படித்தார்கள். "அண்ணே, உங்க வண்டி தரை எங்க ஊட்டுத் தரைய விட நல்லாக்கீது" என்று அப்பாவைக் கேலி செய்வாள். எனக்குக் கடலைமிட்டாய் கொடுப்பாள்.

அப்புறம் ஒரே மாதத்தில் இரண்டு முறை டயர் வெடித்தது. அப்பாவுக்கு விடாத காய்ச்சல் வந்தது. அம்மாவுக்கு அதற்குக் காரணம் தெரிந்துவிட்டது. கண். அத்தையின் கண்ணாகக்கூட இருக்கலாம் என்று நினைத்திருப்பாள், வாய்விட்டுச் சொல்லவில்லை. கோயிலில் யாரோ சொன்னபடி பரிகாரம் தொடங்கினாள். கல்லுப்பு இரண்டு கை எடுத்து, மஞ்சள் தடவிய சிவப்புத் துணியில் முடிந்து, வண்டிக்குள் யார் கண்ணிலும் படாத மூலையில் வைக்க வேண்டும். அமாவாசைக்கு அமாவாசை பழையதை எடுத்து ஓடுகிற தண்ணீரில் கரைத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். யாருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் பலிக்காது.

வைப்பதும் எடுப்பதும் என் வேலை. பின்சீட்டுக்கு அடியில் கையை விட்டு மூலை வரைக்கும் எட்ட என் உடம்புதான் சரியாக இருந்தது. "வேலும் மயிலும் துணைன்னு சொல்லிக்கினே வெய்யி" என்பாள் அம்மா. சொல்லிக்கொண்டேதான் வைத்தேன், ரப்பர் பாய்க்கு அடியில்.

மீன்காரனின் உப்பு வண்டியைத் தின்றது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது மீன் உப்பு. நாங்கள் வைத்தது சாமி பேர் சொல்லி முடிந்த உப்பு. இரண்டும் ஒரே கடற்கரையில் வாரியதுதான் என்று அம்மாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அந்த உப்பு காக்கும் என்றுதான் நம்பினோம். வண்டியும் அதற்குப் பிறகு டயர் வெடிக்காமல் ஓடியது. நம்பாமல் எப்படி இருப்பது?

முதல் இரண்டு அமாவாசைக்குப் பழைய மூட்டையை ஏரித் தண்ணீர் வழிந்து ஓடும் கலங்கலுக்குக் கொண்டுபோய் முறையாகக் கரைத்தேன். மூன்றாவது அமாவாசைக்கு அங்கே ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. பாதி வழியில் உறுமிக்கொண்டு வந்தது. மூட்டையோடு ஓடிவந்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லப் பயம். சாமி காரியத்தைப் பாதியில் விட்டவள் என்று அடிப்பாள். என்ன செய்வதென்று தெரியாமல் பழைய மூட்டையை மறுபடி சீட்டுக்கு அடியிலேயே தள்ளி, புதியதை அதன் பக்கத்தில் வைத்தேன். அடுத்த அமாவாசைக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும் அப்படியே. நாய் போன பிறகும் அப்படியே. ஒரு தரம் தப்பித்த சுகம் கண்டுவிட்டால் பிள்ளை மனசு அந்த வழியை விடாது.

அதற்குள் அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டம் வந்துவிட்டது. பாயைத் தூக்கிக் காயவைக்க அவருக்கு நேரமில்லை. "நான் பண்றேம்பா" என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பொறுப்பான பெண் என்று அப்பா அத்தையிடம் பெருமையாகச் சொன்னார். முன்பக்கத்துப் பாயைத் தூக்கி வாசல் திண்டில் காயப்போடுவேன். பின்பக்கத்துப் பாயை யாரும் தூக்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வேலையையே கேட்டிருந்தேன்.

மழைக்காலம் வந்தது. நனைந்த குடையும் நனைந்த செருப்புமாகப் பெண்கள் ஏறினார்கள். அந்தத் தண்ணீரெல்லாம் பாய்க்கு அடியில் போய், மூட்டைகளை ஊற வைத்து, உப்புத் தண்ணீராகி நின்றிருக்கிறது. வடிய வேண்டிய ஓட்டையின் மேல் நான் வைத்த மூட்டைகள் உட்கார்ந்திருந்தன. இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு நான் கண்டது வெள்ளை வண்டியும், முன்னால் தொங்குகிற எலுமிச்சம்பழமும்தான்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போகும்போது ரயில்வே கேட்டில் வண்டி ஏறி இறங்கிய குலுக்கலில் தரை உடைந்தது. பின்சீட்டு மூலையில் உட்கார்ந்திருந்த அந்த அக்காவின் வலது கால் முழங்கால் வரைக்கும் ரோட்டுக்கு இறங்கிவிட்டது. அப்பா பிரேக் போடுவதற்குள் கொஞ்ச தூரம் இழுத்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. பாதம் மட்டும் பிறகு எப்போதும் நேராக நிற்கவில்லை. கம்பெனி வேலை நின்றுகொண்டு செய்கிற வேலை.

வண்டியை இழுத்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் விட்டார்கள். மறுநாள் காலையில் மாமா வந்தார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. அவரும் உட்காருகிறவராக வரவில்லை. முதல் நாள் போலவே மல்லாந்து படுத்து அடியில் போனார். வெகுநேரம் தட்டினார். எல்லா இடமும் 'டங்', 'டங்' என்றது, அந்த ஒரு மூலையைத் தவிர. பிறகு வெளியே வந்து, கதவைத் திறந்து உள்ளே ஏறிப் பின்பாயைத் தூக்கினார்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். சிவப்புத் துணியெல்லாம் கறுத்து, துருவும் உப்பும் ஒட்டி, மூட்டைகள் வரிசையாகக் கிடந்தன. மாமா ஒன்றைக் கையில் எடுத்தார். விரலை நக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யார்டி வெச்சது?"

"சாமிது மாமா."

"அம்மா சொன்னாளா?"

தலையாட்டினேன். "கரைக்கணும். நான்தான் கரைக்கல. நாயி இருந்துச்சு. அம்மாகிட்ட சொல்லாத மாமா. அடிக்கும்."

வெளியே அத்தையின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. "தங்கச்சி ஊடுதானேன்னு பட்டறையில கெடந்த ஓட்டத் தகரத்த ஒட்டிட்டுப் போயிருக்கான். பொட்டப் புள்ள காலு போயிடுச்சே!" மாமா மூட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டார். பாயைப் பழையபடி விரித்தார்.

"போய் மூஞ்சி கழுவிக்க" என்றார் என்னிடம். அவ்வளவுதான்.

அவர் கீழே இறங்கியதும் அப்பா கேட்டார்: "இன்னா மச்சான், பாத்தியா? இன்னா ஆச்சு?"

"பத்தவெச்சது நிக்கல மாப்ள."

"நிக்கலன்னா?"

"என் தப்புதான்."

அப்பா அடிக்கக் கை ஓங்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை. "பொறுப்புன்னு சொன்னியே" என்றார். "ஊரே கேக்கச் சொன்னியே. அந்தப் பொண்ணு ஆத்தா வந்து என் வாசல்ல மண்ண வாரித் தூத்திட்டுப் போவுது. நான் இன்னா சொல்றது? என் மச்சான் பொறுப்புன்னு சொல்லவா?" கடைசியாக, "இனிமே என் ஊட்டுப் படி ஏறாத" என்றார்.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் கையில் இருந்த பையைப் பார்த்தாள். அதன் அடிப்பக்கம் ஈரமாகி, சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மாமா பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனார்.

எனக்கு அன்று பெரிய நிம்மதி. மாமா எனக்குப் பதிலாக அதை ஓடுகிற தண்ணீரில் கரைக்கத்தான் எடுத்துப் போகிறார் என்று நினைத்தேன். நான் செய்த தப்பு, கரைக்காமல் விட்டதுதான். அதற்கு முருகன் கோபித்துக்கொண்டு தரையை உடைத்துவிட்டார். இனி மாமா கரைத்துவிடுவார், சாமி சமாதானமாகிவிடும். என் கணக்கு அப்படி இருந்தது. அன்று சாயங்காலம் விளக்குக்கு முன்னால் நின்று, "என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றினாயே முருகா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். காப்பாற்றியது யாரென்று எனக்குத் தெரியவில்லை.

வண்டி பழைய இரும்புக்குப் போனது. அப்பா உலைவாய்க்கே திரும்பிப் போனார். மாமாவிடம் வண்டி அடிவேலைக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். சொந்தத் தங்கை வீட்டு வண்டிக்கே இப்படிச் செய்தவன் என்ற பேச்சு தொழிற்பேட்டை முழுக்கப் பரவியிருந்தது. கொஞ்ச நாளில் அவர் பட்டறையை விட்டுத் தடா பக்கம் எங்கோ கூலி வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்த மூட்டைகள் எங்கே என்று அம்மா என்னை அன்றும் கேட்கவில்லை. கடைசிவரை கேட்கவே இல்லை.

எட்டாவதில் இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று ஒரு பாடம் இருந்தது. உப்பு நீர் பட்டால் விரைவில் துருப்பிடிக்கும் என்று எழுதி மார்க்கும் வாங்கினேன். அந்த வரிக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரு சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கல்யாணமாகிப் போன இடத்தில் உப்பைத் தகர டப்பாவில் கொட்டிவைத்து, மழைமாதத்தில் அடி துருப்பிடித்துக் கழன்று, மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அன்றுதான் கையில் டப்பாவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாமா அன்று வாயைத் திறந்திருந்தால் அவர் பேர் நின்றிருக்கும். அம்மாவுக்குப் புகுந்த வீட்டில் இடம் நின்றிருக்காது. என் முதுகுத் தோலும் நின்றிருக்காது. இரண்டையும் ஒரு நிமிஷத்தில் எண்ணிப் பார்த்துத்தான் அவர் அந்தப் பையைத் திறந்திருக்கிறார்.

அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. போய்ச் சொல்ல வேண்டும், காலில் விழ வேண்டும் என்று நினைத்து நினைத்தே நாளைக் கடத்திவிட்டேன். இன்றும் செவ்வாய்க்கிழமை தவறாமல் சிறுவாபுரிக்குப் போகிறேன். சன்னதியில் நின்றால் கேட்பதற்கு ஒன்றும் வாயில் வருவதில்லை. நான் கேட்க வேண்டிய மன்னிப்பு அங்கே கொடுக்கிற மன்னிப்பு இல்லை என்று தெரிகிறது. ஆனாலும் போகிறேன்.

இதைவிட என்னைச் சுடுவது இன்னொன்று. எனக்குப் பதின்மூன்று வயதில் மஞ்சள் நீராட்டு நடந்தது. பச்சை ஓலையில் குடிசை கட்டிப் பெண்ணை உள்ளே உட்கார வைக்க வேண்டியது தாய்மாமன். முதல் சீர்த்தட்டும் அவருடையதுதான். அப்பா அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை. அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவரைப் பிடித்து வந்து நிறுத்தினார்கள். அவருக்கு ஓலை முடையத் தெரியவில்லை, இரண்டு மட்டையைச் சாய்த்துவைத்துவிட்டு போட்டோவுக்கு நின்றார்.

எனக்குப் பட்டுப்புடவை கட்டி, மாலை போட்டு, பலகையில் உட்கார வைத்திருந்தார்கள். பெண்கள் வரிசையாக வந்து நலங்கு வைத்தார்கள். அத்தை சந்தனத்தைக் கன்னத்தில் தடவிக்கொண்டே, சுற்றி நிற்கிறவர்களுக்குக் கேட்கும்படி வம்புக்கு இழுத்தாள்.

"இன்னாடி, சொந்தத் தாய்மாமன் வரலியேன்னு வருத்தமா?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அவ்வளவு பேர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெரிய மனுஷி போல ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது.

"அவரு கட்டற குடிசைல யாரு உக்காருவாங்க அத்தை? என் தலமேலயே உழுந்துடும்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அத்தை என் நெற்றியை வழித்துத் திருஷ்டி முறித்தாள். "வாயப் பாரு, அப்படியே எங்க வம்சம்" என்றாள். அப்பாவும் வாசலில் இருந்து சிரித்தார். அவரைச் சிரிக்கவைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்து நலங்கு வைக்க வேண்டியவள் அம்மா. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு எதிரே நின்றிருந்தாள். அதைக் குனிந்து கீழே வைத்தாள். என்னைப் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மஞ்சள் தீர்ந்திருக்கும், எடுத்து வரப் போகிறாள் என்று நினைத்து, நான் கன்னத்தைத் திருப்பிக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.